பெயர் கூப்பிடாத சனிக்கிழமை

இந்த வருஷக் காலண்டரில் பிப்ரவரி பதினான்காம் தேதித் தாளின் அடியில், நல்ல நேரத்துக்கும் சூலத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கோவையில் தொடர் குண்டுவெடிப்பு, 1998. போன வருஷம் அந்த இடத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் பசிபிக் தீவொன்றில் குத்திக் கொல்லப்பட்ட நாள். தொலைபேசிக்கு உரிமம் கேட்டு அமெரிக்காவில் மனுப் போட்ட நாள். எனக்கு இவை மறக்கவில்லை. அன்று காலை இவற்றை உரக்கப் படித்தவள் நான்தான்.

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. டிப்ளமோ முடித்ததும் சேர்ந்தேன். சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்ததால் பொது அறிவுக்காகக் காலண்டர் தாளின் அடிவரிகளை விடாமல் படிப்பேன். எங்கள் சீனியர் டெக்னீஷியன் அன்னூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். காலையில் வந்து சட்டையின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டே கேட்பார்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு ஆரு செத்தா, ஆரு என்னத்தக் கண்டுபுடிச்சா?"

நான் படித்தேன்.

"பாவம், போன் வர்றதுக்கு முன்னாலயே குத்து வாங்கிப்போட்டான். இல்லீன்னா ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்" என்றார். அவருடைய வழக்கமான கிண்டல். சிரித்துவிட்டு முதல் பிலிம் கேசட்டை எடுத்தேன்.

எங்கள் பிரிவில் மூன்றாவது ஆள் ஆயாம்மா. பேஷண்ட்டைக் கூப்பிடுவது, துணி மாற்ற வைப்பது, டிராலி தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய குரல் ஆஸ்பத்திரியில் பிரசித்தம். வராந்தாவில் கூப்பிட்டால் எதிர்ச் சாரி மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். பேரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதுதான் முதலில் வழக்கம். ஒருமுறை ஒரே பேருள்ள இரண்டு பேரின் நெஞ்சுப் படம் மாறிப் போய், காசநோய் இல்லாதவருக்கு மாத்திரை எழுதிவிட்டார்கள். அதிலிருந்து நான் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். உள்ளே வந்ததும் பேஷண்ட்டே தன் வாயால் மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆயாம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது மாதிரி ராகம் போட்டுக் கூப்பிடுவார். அதன் பிறகு ஒரு படமும் மாறவில்லை.

அன்று சனிக்கிழமை. தேர்தல் நேரம். சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் பெரிய கூட்டம் என்று ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, கூட்டமில்லாமல் நாங்கள் பிலிம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சாட்ட இருக்குது" என்றார் சீனியர்.

அடுத்தது அதைவிடப் பக்கத்தில் கேட்டது. அதற்கடுத்தது கேட்டபோது அவர் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

முதல் ஆட்டோ வந்தபோது, உள்ளே இருந்தவருக்குக் காலில் செருப்பு இருந்தது, கால் முட்டிக்குக் கீழே தோலில் மட்டும் தொங்கியது. பின்னாலேயே கார்கள், பால் வண்டி, ஒரு மினி லாரி. மினி லாரியின் பின்பக்கத்தை இறக்கியதும் ரத்தம் வழிந்து இறங்கியது. அந்த வண்டியில் வந்தவர்களில் பாதிப் பேரை உள்ளே தூக்கி வரவே இல்லை. சுவரோரம் வரிசையாகப் படுக்க வைத்துத் துண்டு போட்டு மூடினார்கள். ஒரு அம்மாவுக்கு முகத்தில் இடப்பக்கம் இல்லை. வலப்பக்கக் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைமுடியில் காலையில் வைத்த கனகாம்பரம் கசங்காமல் இருந்தது.

கைக்கு வேலை இருந்தால் எனக்குப் பயம் வராது. வந்தவர்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். மூச்சு விடத் திணறுகிறவர்களின் நெஞ்சு முதலில். அப்புறம் வயிறு. அப்புறம் தலை. தொடை அதற்கடுத்தது, ஏனென்றால் தொடைக்குள் ஒரு மனிதனின் ரத்தத்தில் பெரும்பங்கு வெளியே தெரியாமல் தேங்கிவிடும். கை, விரல் எல்லாம் கடைசியில். சீனியர் இருட்டறைக்குள் நின்று பிலிம் கழுவினார். நான் மெஷினில் நின்றேன். படம் காயக்கூட விடவில்லை. சொட்டச் சொட்ட டாக்டர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அதுவரை நான் பார்த்த படங்களில் உடம்பிலேயே வெள்ளையானது எலும்பு. அன்று எலும்பைவிட வெள்ளையாக வேறு ஒன்று வந்தது. ஆணி. கொண்டையோடு, கூர்முனையோடு, கடையில் எடை போட்டு வாங்குகிற அதே ஆணி. ஒருவருடைய ஈரலில் இரண்டு. ஒரு பெண்ணின் இடுப்பெலும்பில் குறுக்காக ஒன்று. இரும்புச் சில்லு கழுத்து நரம்பை ஒட்டி நின்ற ஒருவர், படம் எடுத்து முடித்து நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து வருவதற்குள் மேஜையிலேயே போய்விட்டார். "மூச்சை இழுத்துப் புடிங்க" என்று சொல்லியிருந்தேன். பிடித்தார். விடவில்லை.

வராந்தாவில் ஐந்தாறு வாலிபர்கள் வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். வயிற்றில் காயம்பட்ட தங்கள் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனை நான் படம் எடுத்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினேன். வாசல் தாண்டுவதற்குள் அவன் இறந்தான். அதன் பிறகும் அவர்கள் போகவில்லை. சட்டையெல்லாம் அவன் ரத்தம். ஒருவன் கையில் ஆட்டோ சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கேட்டார்கள்.

"பேரென்ன?"

சொன்னவர்களை விட்டார்கள். நான்காவதோ ஐந்தாவதோ ஒரு தாடிக்காரர். கையில் காயம், இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வடிந்து தாடியில் இறங்கியிருந்தது. பெயர் கேட்டதற்கு அவர் பேசாமல் பார்த்தார். ஸ்பேனர் வைத்திருந்தவன் மறுபடி கேட்டான். அதற்கும் பேசவில்லை. குண்டுச் சத்தத்தில் காதுச் சவ்வு கிழிந்தவருக்குக் கேள்வியே கேட்காது என்பது எனக்கு அந்தக் காதைப் பார்த்ததும் தெரிந்தது. வாசலிலிருந்து கத்தினேன். "அவருக்குக் காது கேக்காதுங்க!" யாருக்கும் என் குரலும் கேட்கவில்லை.

ஸ்பேனரின் முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாது. படத்தில் பார்ப்பது வேறு. குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி இன்னொருவன் முதுகில் அடித்தான். கீழே விழுந்தவரைக் காலால் புரட்டினார்கள். சட்டை கிழிந்தது. உள்ளே கழுத்தில் துளசி மாலையும் முருகன் டாலரும் கிடந்தன. அந்த வாரம்தான் தைப்பூசம் முடிந்திருந்தது. பழனிக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த தாடி அது. கூட்டம் குறையட்டும் என்று முடி எடுப்பதைத் தள்ளிப் போட்டிருந்தார் என்று பிறகு அவர் அண்ணன் சொன்னார்.

"அய்யய்யோ, நம்மாளுடா!" என்று ஸ்பேனர் வைத்திருந்தவன் பின்வாங்கினான்.

"தாடியப் பாத்து அடிச்சா இப்பிடித்தான் ஆகும்" என்று இன்னொருவன் அவனைத் திட்டினான். "எக்ஸ்ரே ரூம்ல பேரு, அப்பன் பேரு, ஊரு அத்தனையும் கத்தித்தானே கூப்புடறாங்க. நின்னு கேட்டுக்கலாம்."

எங்கள் கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்கள்.

தாடிக்காரரை நர்ஸ்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அடுத்த ஆளைப் பார்க்கக் கதவோரம் இருந்த டிராலிக்குக் குனிந்தேன். நாற்பது வயசிருக்கும் ஒருவர். வழித்த முகம், மீசை மட்டும். வலது தொடை தலையணை மாதிரி வீங்கி இறுகியிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"அம்மணி, எங்கூட்டுக்காரரைப் பேரு சொல்லிக் கூப்புடாதீங்க."

அது முஸ்லிம் பேர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் காதோடு சொன்னார். "கோட்டைமேட்டுக்காரங்க நாங்க. இங்கதான் தையல் கடை. நவம்பர் கடைசியில கலவரத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியுமில்லீங்க. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்களையே..." முடிக்கவில்லை. "இப்ப அந்த மனுசனை அடிச்சதைப் பாத்தீங்கல்ல. பேரு மட்டும் வேண்டாம் அம்மணி."

உள்ளே போய் ஆயாம்மாவிடமும் சீனியரிடமும் சொன்னேன்.

"நமக்கெதுக்கு அம்மணி வம்பு?" என்றார் சீனியர். இருட்டறைச் சிவப்பு வெளிச்சத்தில் அடுத்த பிலிமைத் தொட்டியில் இறக்கினார். "வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடலாம்."

"அந்தத் தொடையோட வாசல் தாண்ட மாட்டாருங்க."

"பேரு சொல்லாம எப்பிடிக் கூப்புடறது?" என்றார் ஆயாம்மா. "ரெண்டு வருசமா நீதானே கண்ணு பழக்கிவிட்டே."

"அவரை மட்டும் பேரில்லாம கூப்பிட்டாச் சந்தேகப்படுவாங்க. இனிமே ஆருக்குமே பேரு வேண்டாம். எங்கே அடியோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க."

ஆயாம்மா கதவைத் திறந்து, அதே ராகத்தில், அதே குரலில் ஆரம்பித்தார்.

"நெஞ்சு ஆருங்க? நெஞ்சு வாங்க! இடுப்பு அடுத்து ரெடியா இருங்க! வலது தோள் கொஞ்சம் பொறுங்க!"

அந்த ரத்தத்துக்கு நடுவிலும் யாரோ சிரித்தார்கள். "ஏனுங்க ஆயா, கறிக்கடையில கூப்புடறாப்பல கூப்புடறீங்க?" என்று கையைத் துண்டில் கட்டியிருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"உனக்கு என்ன, கையா? கை கடைசி. பேசாம உக்காரு" என்றார் ஆயாம்மா.

நெஞ்சு போனது. இடுப்பு போனது. மூன்றாவதாகக் கூப்பிட்டார். "தொடை வாங்க!" நானும் அவரும் டிராலியை உள்ளே இழுத்தோம். கூடவே மனைவியும் வந்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

மேஜைக்கு மாற்றும்போது தையல்காரர் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு சொல்லோணுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க."

தொடையெலும்பு நடுவில் இரண்டாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் ஆணிகள். படம் தொட்டியிலிருந்து வருவதற்குள் கதவை இடித்தார்கள்.

"ஏனுங்க! எதுக்குப் பேரு சொல்லாம கூப்புடறீங்க? உள்ள இருக்கறது ஆரு? கதவைத் தொறங்க!"

ஸ்பேனரால் இடித்தார்கள். தாழ்ப்பாளின் ஒரு திருகாணி தெறித்துத் தரையில் உருண்டது. தையல்காரரின் மனைவி புருஷன் மேல் குறுக்கே படுத்துக்கொண்டார். எங்கள் கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு சிவப்பு பல்பு உண்டு. படம் எடுக்கும்போது மட்டும் அது எரியும். அதன் சுவிட்ச் என் பக்கத்தில் இருந்தது. போட்டேன்.

"சிவப்பு பல்பைப் பாத்தீங்களா?" என்று கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். நான் கத்தவில்லை. கத்தினால் பொய் என்று தெரிந்துவிடும். "மெஷின் அதுவா ஓடிட்டு இருக்குதுங்க. ஆஃப் ஆக மாட்டேங்குது. கதவைத் தொறந்தா கதிர் நேரா உங்க மேலதான் படும். கல்யாணம் ஆகாதவங்க இருந்தா அக்கட்டால போயிருங்க. பொறவு புள்ளைகுட்டி பொறக்கலீன்னு என்கிட்ட வரக் கூடாது."

இடி நின்றது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதற்கு நேர்மாறாகத்தான் நான் சொல்லிவந்தேன். பயந்து வருகிற ஒவ்வொரு கல்யாணப் பெண்ணிடமும், ஒரு கண்ணிமை நேரம்தான், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, உடம்பில் தங்காது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

"பொய் சொல்றா" என்றது ஒரு குரல்.

அப்போது சீனியர் இருட்டறையிலிருந்து வந்தார். ஈரப் படத்தைக் கிளிப்பில் மாட்டினார். ஈயக் கையுறையை மாட்டிக்கொண்டு, என்னை நகர்த்திவிட்டுக் கதவை அவரே திறந்தார். முழுசாக இல்லை, முகம் தெரிகிற அளவு.

"தம்பிகளா, இருவது வருசமா இதுக்குள்ளதான் கெடக்கறேன். எனக்கு ஒரு புள்ளை இல்லீங்க. போகாத கோயில் இல்லை. உங்களுக்கும் அதே கதி வேணும்னா உள்ள வாங்க."

அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

வாலிபர்கள் சுவரை விட்டு நகர்ந்து மருந்தறைப் பக்கம் ஒதுங்கினார்கள். ஸ்பேனர் வைத்திருந்தவன் தன்னையறியாமல் வேட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டான். அவர்களோடு சேர்ந்து மற்ற காயக்காரர்களும் ஒதுங்கினார்கள். எட்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை மணிக்கட்டு வளைந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதன் அம்மா குழந்தையை வாரித் தூக்கி, "வேண்டாஞ்சாமி, இந்தப் படமே வேண்டாம்" என்று வாசலை நோக்கி ஓடினார். நான் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் சொன்னது பொய்யாகிவிடும். அந்தக் கை நேராகக் கூடியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆபரேஷன் தியேட்டர், வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் அவர்கள். தையல்காரரை டிராலிக்கு மாற்றி, கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரனை நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் போர்த்தினேன். மூக்குக்கு மட்டும் இடம் விட்டேன். இன்னொரு ஏப்ரனை அவர் மனைவிக்கு மாட்டிவிட்டேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை அவர் மறைந்துபோனார். அந்தக் கனத்தில் தள்ளாடினார். "குனிஞ்சுட்டே வாங்கக்கா, டிராலியப் புடிச்சுக்கங்க" என்றேன். ஆயாம்மா முன்னால் போனார்.

"கதிரு! கதிரு! தள்ளி நில்லுங்க! கதிரு வருது, மேல பட்டுப்போடும்!"

கோயில் தேருக்கு வழிவிடுகிற மாதிரி வராந்தா இரண்டாகப் பிரிந்தது. தாடிக்காரரின் ரத்தம் காய்ந்த இடத்தில் டிராலிச் சக்கரம் ஒட்டி, பிரிந்து, உருண்டது. அந்த வாலிபர்களுக்கு அருகில் போகும்போது ஏப்ரனுக்கு அடியில் தையல்காரர் இருமினார். எவனோ ஒருவன், "ஐயோ பாவம்" என்றான்.

தியேட்டர் கதவு மூடியதும் டாக்டர் கேட்டார். "பேரு?"

"தொடைங்க சார்" என்றார் ஆயாம்மா.

இருட்டும் முன் போலீஸ் வந்து வராந்தாவைக் காலி செய்தது. போன் எதுவும் கிடைக்காததால் நான் உயிரோடு இருப்பது சூலூரில் என் வீட்டுக்கு மறுநாள்தான் தெரிந்தது. போலீஸ் வருவதற்குச் சற்று முன், ஸ்பேனர் வைத்திருந்தவன் தனியாக எங்கள் கதவுக்கு வந்தான். கையில் ஸ்பேனர் இல்லை. தாடிக்காரரின் படம் அப்போதுதான் தொட்டியிலிருந்து வந்திருந்தது.

"ஒடஞ்சிருச்சுங்களா?" என்றான்.

வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினேன். தாடை மூன்று துண்டாக இருந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"அவரு பேரென்னுங்க?"

ஆயாம்மாதான் பதில் சொன்னார். "தாடை."

ஊர் அடங்க நாளாயிற்று. ராணுவ வண்டிகள் போய், கடைகள் திறந்து, வெயில் கடுமையான பிறகு தையல்காரர் மறுபடம் எடுக்க வந்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, தனியாக, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய ஒழுங்கு திரும்பியிருந்தது. ஆயாம்மா வாசலில் நின்று அவர் பேர், அவர் அப்பா பேர், கோட்டைமேடு என்று ராகம் போட்டுக் கூப்பிட்டார். அவர் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். சுற்றியிருந்தவர்கள் யார் அது என்று தலையைத் திருப்பித் தேடினார்கள். அவரும் மற்றவர்களைப் போலவே தலையைத் திருப்பித் தேடினார்.

"என்னாச்சு கண்ணு, என்ற தொண்டைக்கு?" என்று ஆயாம்மா என்னிடம் முறையிட்டார்.

நான் வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன். "தொடை வாங்க."

உடனே எழுந்தார்.

எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. எடுக்க முடியாமல் விட்ட ஒரு ஆணி, எலும்பைவிட வெள்ளையாக, அங்கேயே இருந்தது. படத்தின் மூலையில் எழுத வெள்ளை மைப் பேனாவை எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல பேரு எழுதுவீங்களா அம்மணி?"

"எழுதித்தான் ஆகோணுங்க."

"எழுதிக்கங்க" என்றார். "கூப்புட மட்டும் வேண்டாமுங்க."